பழைய படகின் தளம் அமுங்குகிறது: தாங்குசட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் மாற்றலாமா?

என்னிடம் இருப்பது 1989-ல் கட்டிய 18 அடி ஃபைபர் கிளாஸ் படகு, அவுட்போர்டு எஞ்சின். கார்ப்பெட் நைந்து நாறியதால், மாற்றிவிடலாம் என்றுதான் இரண்டு மாதத்துக்கு முன் உரித்தேன். அடியில் வேறு கதை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின்பக்கம் வரை, கால் வைத்தால் தளம் பஞ்சு மாதிரி அமுங்குகிறது.

மூன்று வாரம் ஷெட்டில் மின்விசிறி வைத்து உலர்த்தினேன். கெட்டியானது போலத் தெரிந்தது. ஏறி நின்றதும் பழையபடி. சின்னத் துளைகள் போட்டு எபாக்சி (இறுகிப் பிடிக்கும் பிசின்) ஊற்றினேன். ஈர மரத்தில் அது பிடிக்கவே இல்லை (முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்). அப்புறம் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால், 12 மி.மீ. பிளைவுட்டில் கேக்கில் இறங்குவது போல இறங்கியது. இருக்கைத் திருகுகளைச் சுற்றித்தான் ரொம்ப மோசம். தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கெட்டுப்போன பலகையை வெட்டி எடுத்துவிட்டேன். கீழே இருந்த ஃபோமைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது.

பலகை பரவாயில்லை, புதிது போட்டுக்கொள்வேன். கவலை அதைத் தாங்கும் நீளச் சட்டங்களைப் பற்றித்தான். வலப்பக்கச் சட்டத்தில் துளை போட்டுப் பார்த்தேன். முன்பாதியில் வெளிர் மரத்தூள் காய்ந்து உதிர்ந்தது. டிரான்சமிலிருந்து (எஞ்சின் மாட்டும் பின்சுவர்) இரண்டடி வரை மட்டும் கறுத்து, களி மாதிரி வந்தது. சுத்தியலால் தட்டினால் அங்கே மட்டும் 'தொப்' என்ற சத்தம். இடப்பக்கச் சட்டம் நன்றாகவே இருக்கிறது.

மரைன் பிளைவுட், எபாக்சி, கண்ணாடி இழைத் துணி எல்லாம் தயார். அந்த இரண்டடியை மட்டும் வெட்டி, புது மரத்தைச் சாய்வாக இணைத்து இழைத்துணியால் போர்த்தினால் தாங்குமா, இல்லை முழுச் சட்டத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?