புதுப்பிப்பு: ஒற்றைக் கோழிக்குஞ்சு தேறிவிட்டது

தெருவில் வாங்கிய கலர் குஞ்சு ராத்திரி முழுக்கக் கத்துகிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, இப்போது நன்றாக இருக்கிறது. பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பு போடச் சொன்னீர்கள், அதுதான் கைகொடுத்தது. முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்தால் போதும். சூடு அதிகமானால் இறக்கையை விரித்து மூச்சு வாங்கும், குறைந்தால் பல்படியிலேயே ஒடுங்கும். தெர்மாமீட்டரை விட இதைப் பார்ப்பதே மேல். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கக் கண்ணில் சொட்டு மருந்தும் விட்டாயிற்று. தனிமை தெரியாமல் இருக்கக் கண்ணாடி வைக்கும் யோசனைதான் எடுபடவில்லை. இரண்டு கொத்து கொத்திவிட்டுப் போய்விட்டது. ரோஸ் சாயம் கழுத்தில் மட்டும் மிச்சம், இறக்கையில் வெள்ளைச் சிறகு முளைக்கிறது. அம்மா முறத்தை எடுத்தால் போதும், ஓடிவந்து மடியில் ஏறிவிடும். துணைக்கு இதே வயதில் இன்னொன்று தேடுகிறேன். பெரிய கோழியோடு விட்டால் கொத்திவிடும்.