கோயில் தளத்தில் சில படங்கள் மட்டும் வரவில்லை: பெயரில் உள்ள இடைவெளிதான் காரணமா?

லயத்துவீடு:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். பால்மரம் (ரப்பர்) எல்லாம் போய் இப்போது செம்பனைதான். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நாலைந்து குடும்பங்களே மிச்சம். ஆனால் மாரியம்மன் திருவிழா என்றால் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று போனவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அவர்களுக்காக ஒரு தளம் செய்யும் வேலையைக் கோயில் தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். பக்கங்களை எச்டிஎம்எல் குறிமொழியில் கையால் எழுதி, எஃப்டிபி (கோப்பு அனுப்பும் முறை) வழியாகச் சர்வருக்கு ஏற்றுகிறேன். வோர்ட்பிரஸ் மாதிரி தயார் மென்பொருள் இல்லை. (கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் உள்ளன, இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.)

முகப்பில் மேலே வரவேண்டிய 'கோபுரம் முன்பக்கம்' படம் மடிக்கணினியிலும் வரவில்லை, சர்வரிலும் வரவில்லை. பால்குடப் படங்களில் மூன்று, மடிக்கணினியில் நன்றாகத் தெரிகின்றன, ஏற்றினால் 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்று வருகிறது. அழைப்பிதழ் படத்தின் முகவரியைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் தட்டச்சு செய்து போட்டால் பாதி வரைதான் நீலமாகிறது, மீதி சும்மா எழுத்தாக நிற்கிறது.

இடைவெளி இருந்தால் %20 போட வேண்டும் என்று எங்கோ பார்த்து, எல்லாக் கோப்புகளின் பெயரிலும் இடைவெளியை எடுத்துவிட்டு %20 என்று மாற்றினேன். பக்கத்திலும் அப்படியே எழுதினேன். அதுவரை வந்துகொண்டிருந்த படங்களும் போய்விட்டன! திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள்தான்.

குளுவாங்தம்பி:
%20க்குப் பதில் + போட்டுப் பாருங்கள் அண்ணே. கூகலில் தேடினால் முகவரியில் அப்படித்தான் வருகிறது.

ஈப்போ_அக்கா:
தம்பி, அந்த + முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதிக்குத்தான் இடைவெளியாகும். கோப்புப் பெயர் இருக்கும் இடத்தில் + என்றால் வெறும் + தான்.

லயத்துவீடு, உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, நாலு. எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததால் இடைவெளி மேலேயே பழி விழுகிறது.

முதலில் %20. முகவரியில் இடைவெளிக்கு இடமே கிடையாது. இணைய முகவரிகளுக்காக 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 விதியும் அதைத்தான் சொல்கிறது. அதனால் எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி பட்டியலில் இடைவெளியின் எண்ணான 32ஐப் பதினாறடிமான முறையில் 20 என்று எழுதி, முன்னால் % போட்டு அனுப்புகிறோம். வழிப்பயணத்துக்கு மட்டும் போடும் வேஷம் அது. சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததும் வேஷம் கலைந்து மறுபடி இடைவெளியாகிவிடும். நீங்கள் கோப்புக்கே அந்த வேஷத்தைப் பெயராக வைத்துவிட்டீர்கள். சர்வர் இடைவெளி உள்ள பெயரைத் தேடுகிறது, வட்டில் இருப்பதோ % உள்ள பெயர். கிடைக்குமா? அதைத் திறக்க %2520 என்று எழுத வேண்டியிருக்கும், ஏனென்றால் % குறிக்கே %25 என்று ஒரு வேஷம் உண்டு. அந்த வழியில் போகாதீர்கள், பைத்தியம் பிடிக்கும்.

கோபுரப் படத்தைப் பின்னணிப் படமாக சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பகுதி) வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே முகவரியை மேற்கோள் குறி இல்லாமல் அடைப்புக்குள் எழுதினால், நடுவில் இடைவெளி வந்ததும் உலாவி அந்த வரியையே தள்ளிவிடும். சாதாரண படக் குறியில் மேற்கோளுக்குள் இடைவெளியோடு எழுதினால் உலாவியே %20 ஆக்கிக்கொள்ளும். அதனால்தான் முன்பு மற்ற படங்கள் வந்தன.

புலனத்துக்கு இடைவெளி வந்தால் முகவரி முடிந்தது என்று அர்த்தம். அதன் வழக்கத்தை நாம் மாற்ற முடியாது.

அந்த மூன்று பால்குடப் படங்கள் கேமராவில் எடுத்தவையா?

லயத்துவீடு:
ஆமாம் அக்கா! மாமாவுடைய கேமரா. மற்றவை கைப்பேசியில் எடுத்தவை. சிஎஸ்எஸ்ஸில் மேற்கோள் குறி இல்லை என்பதும் சரிதான்.

ஈப்போ_அக்கா:
அப்போது அது இடைவெளியே இல்லை. கேமரா கோப்பில் புள்ளிக்குப் பின்னால் வரும் வால் பெரிய எழுத்து ஜேபிஜி, நீங்கள் பக்கத்தில் எழுதியது சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். வீட்டில் வந்து வெளியே வராத படம் என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, சொற்களுக்கு நடுவே சிறு கோடு போடுங்கள். அடிக்கோடு வேண்டாம், இணைப்பின் கீழே கோடு விழுந்ததும் அடிக்கோடு அதில் மறைந்து, பார்ப்பவருக்கு இடைவெளி மாதிரியே தெரியும். தேடலுக்கும் சிறு கோட்டைத்தான் கூகல் பரிந்துரைக்கிறது.

பால்மரம்77:
பெயர் மாற்றும்போது ஒரு குழி இருக்கிறது. விண்டோஸில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்திப் பெயர் கொடுத்தால், பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குள் எண் என்றுதான் வைக்கும். இடைவெளியை எடுக்கப் போய் நூறு இடைவெளியோடு வந்தவன் நான். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் கருவித் தொகுப்பில், பெயர் மாற்றுவதற்கென்றே பவர்ரீநேம் என்று ஒன்று உண்டு, இலவசம். தேட வேண்டியது நீங்கள் வைத்த %20, அப்புறம் மிச்சமுள்ள இடைவெளி; மாற்ற வேண்டியது சிறு கோடு. சின்ன எழுத்தாக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. வோர்ட்பிரஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, படம் ஏற்றும்போது அதுவே கோடாக்கிவிடும்.

இன்னொன்று. கைப்பேசிக்குச் சின்னப் படம், கணினிக்குப் பெரிய படம் என்று எஸ்ஆர்சி-செட் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். அங்கே இடைவெளிதான் முகவரியையும் அளவையும் பிரிக்கிறது. பெயரில் இடைவெளி இருந்தால் அந்தப் பட்டியலை உலாவி தூக்கிப் போட்டுவிட்டு, படக் குறியில் தனியாகக் கொடுத்த (பெரும்பாலும் பெரிய) படத்தையே இறக்கும். படம் வருவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தோட்டத்தில் லைன் ஒரு கோடு காட்டும்போதுதான் தெரியும்.

குளுவாங்தம்பி:
தமிழிலேயே பெயர் வைத்தால்? 'திருவிழா' என்று. அதில் இடைவெளியே இல்லையே.

ஈப்போ_அக்கா:
வைக்கலாம், வேலையும் செய்யும். ஆனால் யூனிகோடில் அது 8 குறி, யூடிஎஃப்-8இல் குறிக்கு 3 பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக மாறும். முகவரியை நகலெடுத்து ஒட்டினால் 'திருவிழா' 72 எழுத்தாக நீளும். 'கோயில்' இன்னும் மோசம்: அந்த ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைச் சுழிக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு இரண்டு. தமிழைப் படத்தின் மாற்று உரையில் அழகாக எழுதுங்கள், பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும்.

லயத்துவீடு:
எல்லாம் மாற்றியாயிற்று, கோபுரம் வந்துவிட்டது! ஆனால் புதுச் சிக்கல். அழைப்பிதழில் கியூஆர் கோடு போட்டு 300 பிரதி அச்சடித்துவிட்டோம். அது பழைய பெயருக்குப் போகிறது. அப்புறம், ஒரே ஒரு காவடிப் படம் இன்னும் 404. பெயரில் இடைவெளி இல்லை, சின்ன எழுத்துதான், நாலு தடவை பார்த்துவிட்டேன்.

பால்மரம்77:
கியூஆருக்கு ஒன்றும் கவலை இல்லை. அந்த அழைப்பிதழ் படத்தின் இன்னொரு பிரதியைப் பழைய பெயரிலேயே, இடைவெளியோடு (%20 அல்ல!) சர்வரில் வைத்துவிடுங்கள். கியூஆர் உள்ளே %20 இருக்கும், சர்வர் இடைவெளியைத் தேடும், கிடைத்துவிடும்.

காவடிப் படத்துக்கு, பெயரை மாற்றப் போவது போல் அழுத்தி, அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து பாருங்கள். முக்கியமாகப் புள்ளிக்கு முன்னால்.

லயத்துவீடு:
புள்ளிக்கு முன்னால் ஒரு கோடு உட்கார்ந்திருக்கிறது அண்ணே. முன்பு அங்கே இடைவெளி இருந்திருக்கிறது, பவர்ரீநேம் அதையும் கோடாக்கிவிட்டது. திரையில் அந்தக் கோடு புள்ளியோடு ஒட்டிக்கொண்டதால் கண்ணில் படவில்லை. எடுத்துவிட்டேன், காவடி வந்துவிட்டது.

தலைவர் இப்போதுதான் கணினியில் புலனத்திலிருந்து சேமித்து இன்னும் 40 படம் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றின் பெயரிலும் தேதி, நேரம், நாலு இடைவெளி.