சிக்வின்னில் பாதையின் முன்னே இரண்டு ஸ்லாஷ்: இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

கரிசல்:
லினக்ஸில் கண்மூடித் திறப்பதற்குள் முடியும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒன்று, விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளை ஓட்ட உதவும் சிக்வின்னுக்குள் ஓட்டினால் நெடுநேரம் உறைந்து நின்றுவிட்டு, 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. நிறுவும் இடத்துக்கான மாறியில் வெறும் '/' இருந்தது. அதோடு '/நிரல்/பொது' என்பதை ஒட்டியதும் பாதை '//நிரல்/பொது' ஆகிவிட்டது. லினக்ஸ் இதைக் கண்டுகொள்வதே இல்லை. சிக்வின்னோ 'நிரல்' என்ற பெயரில் நெட்வொர்க்கில் ஒரு சர்வர் இருக்கிறதா என்று தேடப் புறப்பட்டுவிடுகிறது! யூனிக்ஸ் போல நடந்துகொள்வதற்கென்றே வந்த மென்பொருள் இப்படிச் செய்யலாமா? நெட்வொர்க் பங்குகளை (சர்வரில் பகிரப்பட்ட கோப்புறைகளை) மவுண்ட் செய்துகொள்ள, அதாவது சாதாரணக் கோப்புறை போல இணைத்துக்கொள்ள, வழி இருக்கிறது. இந்த இரட்டை ஸ்லாஷை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

நூலகப்பூனை:
யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பாதையின் தொடக்கத்தில் சரியாக இரண்டு ஸ்லாஷ் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்பதை அந்தந்த அமைப்பே முடிவு செய்துகொள்ளலாம். மூன்றும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஒன்றாகக் கருத வேண்டும். அப்பல்லோ கணினிகளின் டொமைன் இயங்குதளம் 1980களிலேயே இரட்டை ஸ்லாஷை நெட்வொர்க்கின் வேராக வைத்திருந்தது. சிக்வின் விதியை மீறவில்லை, உங்கள் ஸ்கிரிப்ட்தான் விதியைப் பார்க்கவில்லை. மாறியின் கடைசி ஸ்லாஷை வெட்டிவிட்டு ஒட்டுங்கள், தீர்ந்தது.

கரிசல்:
தரம் ஒன்றை அனுமதிப்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. என் ஸ்கிரிப்டை நான் திருத்திவிடுவேன்; பிறர் எழுதிய நிறுவல் ஸ்கிரிப்டுகளையெல்லாம் யார் திருத்துவது? ஒரு காலத்தில் சிக்வின்னில் '//சி' என்றால் சி டிரைவ். பிறகு அதைக் கைவிட்டு 'சிக்டிரைவ்' என்ற முன்னொட்டுக்குப் போனார்கள். அன்று மாற்ற முடிந்தது, இன்று முடியாதா?

நூலகப்பூனை:
அந்தப் பழைய வழக்கத்தில் ஒற்றை எழுத்துப் பெயருள்ள சர்வரும் டிரைவும் மோதிக்கொண்டன. அதைக் கைவிட்டதால் இரட்டை ஸ்லாஷ் முழுக்க சர்வர்களுக்கே உரியதாயிற்று. இப்போது அதையும் பிடுங்கினால் மிஞ்சுவது, சர்வர் பாதையை \\ என்று தொடங்கும் விண்டோஸின் பேக்ஸ்லாஷ் முறை. ஷெல்லில் \\கிடங்கு\கணக்கு என்று அப்படியே அடித்துப் பாருங்கள், \கிடங்குகணக்கு என்று வந்து நிற்கும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் முன்னால் உள்ள இரண்டில் ஒன்று காணாமல் போகும். ஒற்றை மேற்கோளுக்குள் பத்திரமாக இருக்கும், ஆனால் அங்கே மாறிகள் விரியாது. இதை வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஏரிக்கரை:
இருவரும் சிக்வின்னோடு நின்றுவிட்டீர்கள். நான் சிக்வின்னிலிருந்து கிளைத்த எம்சிஸ்2 பயன்படுத்துகிறேன், அங்கே கூத்து வேறு. விண்டோஸ் நிரலுக்கு '/எஃப்' என்ற தேர்வைக் கொடுத்தால் அதைக் கோப்புப் பாதை என்று நினைத்து மாற்றிவிடுகிறது. தப்பிக்க '//எஃப்' என்று எழுத வேண்டும், அது ஒரு ஸ்லாஷாகக் குறைந்து போய்ச் சேரும். ஆனால் '//கிடங்கு/கணக்கு' என்று நடுவில் இன்னொரு ஸ்லாஷ் வந்தால் சர்வர் பாதை என்று கொண்டு இரண்டையும் விட்டுவைக்கிறது. ஒரே குறிக்கு இரண்டு வேலை.

கரிசல்:
என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-ஐப் பாருங்கள்: உள்ளே இருப்பது லினக்ஸ் கர்னல், இரண்டு ஸ்லாஷும் ஒன்றும் சமம். நெட்வொர்க் பங்கு வேண்டுமா, 'டிரைவ்எஃப்எஸ்' வகையில் மவுண்ட் செய்துகொள். குழப்பமே இல்லை.

நூலகப்பூனை:
நண்பரே, லினக்ஸிலேயே விண்டோஸ் பங்கை மவுண்ட் செய்யும் கட்டளையில் சர்வரை எப்படி எழுதுகிறீர்கள்? '//கிடங்கு/கணக்கு' என்றுதானே?

கரிசல்:
அது ஒரு கட்டளைக்குக் கொடுக்கும் முகவரி, அவ்வளவுதான். அதை வைத்து எந்த நிரலும் நேரடியாகக் கோப்பைத் திறக்க முடியாது. முகவரி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், பாதைக்குள் அது நுழைவதுதான் எனக்கு ஆகாது.

நூலகப்பூனை:
ஒப்புக்கொள்ளக்கூடிய வேறுபாடுதான். சிக்வின்னிலும் அப்படி மவுண்ட் செய்யலாம், மவுண்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி போதும். எவராவது 'இசட் டிரைவாக மாட்டிக்கொள்ளுங்கள்' என்று வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: டிரைவ் எழுத்து அந்தந்த லாகின் அமர்வோடு கட்டுண்டது. இரவு தானாக ஓடும் வேலைக்கு உங்கள் இசட் தெரியாது, இரட்டை ஸ்லாஷ் பாதைக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏரிக்கரை:
சிக்வின்னைப் பற்றி இடையே ஒரு சந்தேகம். தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக, கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பைக் கொண்டு அதற்குள் நுழைந்தால் அதே '//கிடங்கு' எனக்கு 'அனுமதி இல்லை' என்கிறது. நேரில் உட்கார்ந்து திறந்தால் திறக்கிறது.

நூலகப்பூனை:
அது பாதையின் குற்றமல்ல. சாவியால் நுழையும்போது விண்டோஸுக்கு உங்கள் கடவுச்சொல் கிடைப்பதில்லை, அதனால் அடுத்த சர்வரிடம் உங்களை யாரென்று நிரூபிக்க அதனிடம் ஒன்றுமில்லை. கடவுச்சொல்லால் நுழைந்து பாருங்கள், திறக்கும். சாவிதான் வேண்டுமென்றால் சிக்வின்னின் கடவுச்சொல் கட்டளையில் பெரிய 'ஆர்' தேர்வு இருக்கிறது, அது கடவுச்சொல்லைக் கணினியிலேயே சேமித்துவைக்கும். நிர்வாகி உரிமை உள்ளவர் அதை எடுத்துவிட முடியும் என்பதால், பலர் புழங்கும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

கரிசல்:
மவுண்ட் செய்தாலும் இதே கதைதானா?

நூலகப்பூனை:
இதே கதைதான்.