குமரியிலிருந்து மூன்று இஸ்ரோ தலைவர்கள்: பெருமை யாருக்கு?

நாஞ்சில்வயல்:
மாதவன் நாயர், சிவன், 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற நாராயணன். மூவரும் பிறந்தது இன்றைய குமரி மாவட்டத்தில். இதில் சிவனும் நாராயணனும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். சிவன் படித்தது மேல சரக்கல்விளை ஊரின் அரசுப் பள்ளி, அப்புறம் நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். அதுவரை வேட்டிதான் கட்டினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெருமை முழுக்க நம் ஊர்ப் பள்ளிகளுக்கே சேரும். பிள்ளைகளைக் கடன் வாங்கி ஆங்கிலவழியில் சேர்க்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆரல்காற்று:
அண்ணாச்சி, தமிழ்வழிப் பள்ளி தருமபுரியிலும் இருந்தது. அங்கிருந்து ஏன் மூன்று பேர் வரவில்லை? 1963 நவம்பர் 21-இல் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. நாகர்கோவிலில் பஸ் ஏறினால் திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோவின் மகேந்திரகிரி சோதனைக்கூடம் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும். ராக்கெட் வேலை என்று ஒன்று இருப்பதே நம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் தெரிந்துவிடுகிறது. இந்தக் குறைந்த தூரம்தான் காரணம்.

நாஞ்சில்வயல்:
பக்கத்தில் இருந்தால் மட்டும் கணக்கு வந்துவிடுமா தம்பி? ராக்கெட் போகும் பாதையைக் கணினியில் முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் 'சித்தாரா' மென்பொருளை உருவாக்கியவர் சிவன். ஏவும் நாளின் காற்றை அளந்து அதற்கேற்ப பாதையைத் திருத்தும் முறையிலும் அவர் பங்கு பெரியது. அந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டது இந்த ஊர் வாத்தியார்கள். நாராயணனைப் பாருங்கள். 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்து, பிறகு கரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக், அதாவது கடுங்குளிர்ப் பொறியியலில், எம்.டெக். முதலிடம். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்கும். அதை எரித்து ஓடும் சி25 என்ற ராக்கெட் மேல்நிலைக்குத் திட்ட இயக்குநர் அவர். 2017-இல் முதன்முதலாகப் பறந்தபோதே வெற்றி.

குளச்சல்அலை:
நீங்கள் இருவரும் பேசாத ஒன்று இருக்கிறது. சிவன் பொறியியல்தான் படிப்பேன் என்று பட்டினி கிடந்தும் அவருடைய அப்பா விடவில்லை. வயல்வேலைக்கு ஆள் வேண்டும், அதனால் பக்கத்துக் கல்லூரியிலேயே சேர் என்றார். பி.எஸ்சி. முடிந்த பிறகு அதே அப்பாதான் நிலத்தை விற்று சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரிக்கு அனுப்பினார். எனக்கு இதுதான் பெரிய விஷயம். பள்ளியும் தூரமும் எல்லாருக்கும் பொது, விற்க நிலம் எத்தனை பேரிடம் இருந்தது? மகளுக்காக இருந்தால் எத்தனை அப்பாக்கள் விற்றிருப்பார்கள்? 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டம். மூன்று தலைவர்களில் பெண் ஒருவர்கூட இல்லை. கணக்கில் என்னோடு முதல் மதிப்பெண்ணுக்குப் போட்டி போட்டவளை பன்னிரண்டாம் வகுப்போடு கட்டிக்கொடுத்தார்கள்.

ஆரல்காற்று:
அக்கா சொல்வதை மறுக்க முடியவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு எம்.ஐ.டி.யில் அன்று மூன்று வருடப் பொறியியல் படிப்பு இருந்தது. சிவன் போனது அந்த வழியில். இன்று அது இல்லை. திருவனந்தபுரம் பக்கம் வலியமலை விண்வெளிக் கல்லூரியில் பி.டெக். சேர ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். கோச்சிங் இல்லாத பிள்ளையிடம் போய் சிவன் கதையைச் சொல்லி என்ன பயன்?

நாஞ்சில்வயல்:
வழி அடைபடவில்லை. பி.எஸ்சி.யில் கணிதம் படித்தவர்கள் இன்றும் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம், அரசுக் கலந்தாய்வே நடக்கிறது. இது நம் ஊர்க் கல்லூரி மாணவர்களுக்கே தெரிவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். பள்ளி விழாக்களில் மூவரின் படத்தையும் பேனரில் போடுகிறோம். பக்கத்தில் இதையும் நாலு வரி அச்சடிக்கலாமே.

குளச்சல்அலை:
அச்சடியுங்கள் அண்ணாச்சி. இஸ்ரோவின் பொறியாளர் வேலைக்கு பி.இ.யில் 65 விழுக்காடு கேட்கிறார்கள், அதையும் சேருங்கள். முதல் பேனரை ஒரு பெண்கள் பள்ளியில் கட்டுங்கள், அச்சுக்கூலி நான் தருகிறேன்.