மலிவு ரீல் மீனைத் தாங்குமா?

குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைங்க

சனிக்கிழமை

நான்: [படம்]

நான்: மாமா, இந்த தூண்டில் செட் எப்படி? கம்பு, ரீல், நரம்பு, ரப்பர் மீன், முள், ஈயக்குண்டு, தோள்ல மாட்டுற பை எல்லாம் ஒரே பெட்டியில. விலை அடிமாட்டு விலை. வாங்கிடவா?

அக்கா: எதுக்குடா இப்ப தூண்டில்? ஆசையா வாங்குன கிடார் கட்டிலுக்கு அடியில கிடக்கு

நான்: உன்னைக் கேக்கலக்கா. மாமாவைக் கேட்டேன்

அத்தான்: வாங்காதே தம்பி. அந்த விலைக்கு வர்றது விளையாட்டுச் சாமான். கொஞ்ச நாள் பொறுத்து காசு சேத்து நல்ல கம்பெனி ரீலா வாங்கு. ஒருதரம் வாங்கினா ஆயுசுக்கும் ஓடும்

அம்மா: தண்ணிப் பக்கம் தனியா போகப்போறானா? முதல்ல அதைச் சொல்லுங்க

சின்ன மாமா: வண்டியில இருக்கேன். வந்து சொல்றேன். அதுவரைக்கும் காசைக் கட்டிடாதே

பெரியப்பா: [குரல் பதிவு 2:14]

அக்கா: பெரியப்பா, டைப் பண்ணுங்களேன். பாப்பா இப்பதான் கண்ணசந்தா

பெரியப்பா: சரிம்மா. நான் சொன்னது இதுதான். எங்க காலத்துல கம்பும் கிடையாது ரீலும் கிடையாது. ஒரு கட்டையில தங்கூசி நரம்பைச் சுத்தி, நுனியில முள்ளு, ஈயம். அவ்வளவுதான். கையாலயே வீசி கையாலயே இழுப்போம். மீன் வரத்தான் செஞ்சது. ஆடத் தெரியாதவ தெரு கோணல்னு சொன்னாளாம்

அத்தான்: பெரியப்பா, அது கரை ஓரம் நிக்கிற மீனுக்கு. நாப்பது மீட்டர் தள்ளி மேயுற மீனுக்கு கையால எப்படி வீசுறது?

பெரியப்பா: அதுவும் சரிதான். நூல் தானா உருவிக்கிட்டுப் போற இந்த ரீலை 1905-ல இல்லிங்வொர்த்னு ஒரு இங்கிலாந்துக்காரர் பதிவு பண்ணினார். துணி ஆலைக்காரர். தறியில நூல்கண்டு உருவுறதைப் பாத்துத்தான் யோசனை வந்ததுன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம்தான் லேசான இரையையும் தூரமா வீச முடிஞ்சது

நான்: பெரியப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியுது 😮

சின்ன மாமா: வந்துட்டேன். படத்தைப் பெரிசு பண்ணிப் பாத்தேன்

சின்ன மாமா: அந்தப் பெட்டி வேண்டாம் மாப்ள. ஆனா உங்க அத்தான் சொல்ற காரணத்துக்காக இல்ல. மலிவு கம்பும் மலிவு ரீலும் உனக்குப் போதும். பொட்டலமா கட்டி விக்கிறதுதான் வம்பு. இத்தனை சாமானுக்கும் அந்த விலையைப் பங்கு போட்டா ரீலுக்குன்னு என்ன மிஞ்சும்? அந்த ரப்பர் மீனையும் பையையும் விட்டுட்டு, அதே காசுல கம்பு ஒண்ணு, ரீல் ஒண்ணுன்னு தனித்தனியா எடு. சாமான் ஒரு படி மேல கிடைக்கும்

நான்: ஆனா ரீல்ல 13+1 பேரிங்னு போட்டிருக்கே மாமா. அத்தானோட ரீல்ல அஞ்சுதான்

சின்ன மாமா: அந்தப் பதிமூணு மீனுக்குப் போட்ட தூண்டில் இல்ல, உனக்குப் போட்டது. அந்த +1 கைப்பிடி பின்னால சுத்தாம பிடிச்சுக்கிற உருளை பேரிங். மத்தது குண்டு பேரிங். மட்டமான குண்டு பதிமூணு போடுறதைவிட சரியான இடத்துல நல்லது நாலு போட்டா ரீல் நல்லா சுத்தும். எண்ணிக்கையைப் பாத்து வாங்குற ஆள் இருக்கிறவரைக்கும் பெட்டியில எண்ணிக்கை ஏறிக்கிட்டேதான் இருக்கும்

அத்தான்: இதைத்தானே நானும் சொல்றேன் மாமா. மட்டமா இருக்குன்னா எதுக்கு வாங்கணும்?

சின்ன மாமா: மாப்பிள்ளை, உங்க ரீல் 200 கிராம் சொச்சம். இவன் வாங்கப் போறது 300 கிராம் இருக்கும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வீசிக்கிட்டே இருந்தா அந்த 100 கிராம் மணிக்கட்டுல தெரியும். சத்தம் கொஞ்சம் கூட வரும். இரையை மீன் லேசா தொடுறது கைக்கு அவ்வளவா வராது. நீங்க கொடுத்த காசு இதுக்கெல்லாம்தான். தக்கையைப் போட்டுட்டு உக்காந்து பாக்கப்போற பையனுக்கு இதெல்லாம் இப்ப தேவையா?

அத்தான்: சரி, பல்சக்கரம்? துத்தநாக வார்ப்பு தேஞ்சுடுமே

சின்ன மாமா: தேயும். பெரிய மீனைக் கம்பால இழுக்காம ரீலைச் சுத்தியே இழுத்தா சீக்கிரம் தேயும். மலிவு ரீல் பாதிப் பேருக்கு இப்படித்தான் செத்துப் போகுது. கம்பைத் தூக்கி மீனை இழுக்கணும், கம்பைத் தாழ்த்தும்போது தளர்ற நரம்பை மட்டும் சுத்தணும். இது தெரிஞ்சா துத்தநாகமும் வருஷக்கணக்குல ஓடும்

நான்: அப்ப கடையில என்ன பாத்து வாங்கணும் மாமா? பேரிங் வேணாம்னுட்டீங்க

சின்ன மாமா: டிராக். மீன் பிடிச்சு இழுத்து ஓடும்போது நரம்பு அறுந்துபோகாம ஸ்பூல், அதான் நரம்பு சுத்தியிருக்கிற உருளை, விட்டுக்கொடுக்குதுல்ல, அது. பெட்டியில 8 கிலோ டிராக், 10 கிலோ டிராக்னு பெரிசா போட்டிருப்பான். நீ போடப்போறது 4 கிலோ தாங்குற நரம்பு. 10 கிலோவுல டிராக்கை இறுக்கினா நரம்பு போயிடும், டிராக் அப்படியே நிக்கும். நரம்பு தாங்குற எடையில மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்குதான் வைக்கணும். உனக்கு ஒரு கிலோ, மிஞ்சிப்போனா ஒண்ணேகால்

சின்ன மாமா: எவ்வளவு வலுங்கிறதைவிட எப்படி விட்டுக்கொடுக்குதுங்கிறதுதான் முக்கியம். கடையில டிராக்கை லேசா இறுக்கிட்டு ஸ்பூலை விரலால மெதுவா சுத்திப் பாரு. ஒரே சீரா நகரணும். முதல்ல ஒட்டிக்கிட்டு நின்னு அப்புறம் வெடுக்குன்னு விட்டா கீழ வச்சிடு. மீன் முதல் ஓட்டம் ஓடும்போது அந்த ஒட்டுலதான் நரம்பு அறும்

அம்மா: தம்பி, நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல

சின்ன மாமா: தனியா விடல அக்கா, முதல்ல நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா நீ கேட்டதும் நல்லதுதான். மாப்ள, கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும். தலைக்கு மேல கம்பி போற இடத்துல கம்பைத் தூக்கவே கூடாது. இடி இடிச்சா கீழ போட்டுட்டு கரையை விட்டு வந்துடணும். விலை ஜாஸ்தியான கம்பு, கம்மியான கம்பு, எல்லாத்துக்கும் இதே கதிதான்

அம்மா: அப்ப கார்பனே வேண்டாம்

சின்ன மாமா: கண்ணாடி இழைக் கம்பா எடுக்கலாம். கொஞ்சம் கனம், நல்லா வளையும், அடி தாங்கும். நனைஞ்சா அதையும் நம்ப முடியாது, கம்பி விஷயத்துல அதே எச்சரிக்கைதான். 1970-கள்ல கார்பன் கம்பு புதுசா வந்தப்ப அது பணக்காரன் சாமான். இன்னிக்கு மலிவு கம்புலயும் கார்பன் இருக்கு. ரெண்டையும் கலந்தும் செய்றாங்க. ஷேக்ஸ்பியர் கம்பெனி 1976-ல கொண்டுவந்த அக்லி ஸ்டிக் அப்படிக் கலந்து செஞ்சதுதான். இன்னிக்கும் விக்குது. மலிவு வரிசைதான், ஆனா முரட்டுக் கம்பு

பெரியப்பா: கம்பு மீனால உடையறதைவிட கார் கதவுல சிக்கி உடையறதுதான் அதிகம்னு கேள்விப்பட்டேன்

சின்ன மாமா: உண்மை பெரியத்தான். கார் கதவு, மின்விசிறி, அப்புறம் மீன் கரைக்கு வந்ததும் கம்பைச் செங்குத்தா தூக்குறது. அப்ப மொத்தப் பாரமும் நுனிக்குப் போயிடும், பட்டுனு முறியும். அதுக்குக் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல

நான்: மடக்கி பையில வைக்கிற மாதிரி கம்பு பாத்தேன். அது?

சின்ன மாமா: ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற கம்பா? மலிவுல அதை மட்டும் எடுக்காதே. ஒவ்வொரு துண்டும் திரும்பிக்கிட்டே இருக்கும், நரம்பு நுழைஞ்சு போற வளையமெல்லாம் ஒரே கோட்டுல நிக்காது. மணல் புகுந்தா சிக்கிக்கும். ரெண்டு துண்டுக் கம்பு, ஏழு அடி, விறைப்பு மீடியம்னு எழுதினது எடு. கைப்பிடிக்கு மேல 7–21 கிராம்னு ஏதாவது அச்சடிச்சிருக்கும். அந்த எடை இரையைத்தான் அது வீசும். 3 கிராமைப் போட்டா போகாது, 60 கிராமைப் போட்டா கம்பே போயிடும்

சின்ன மாமா: அப்புறம் வளையம். கொஞ்சம் பஞ்சு எடுத்துட்டுப் போ. ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டு சுத்து. எங்கயாவது இழை மாட்டினா பீங்கான் விளிம்பு கீறியிருக்குன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது, ஆனா நரம்பை அறுக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார். பாக்கட்டும்

அக்கா: பஞ்சு வச்சு கம்பு வாங்குற ஒரே ஆள் என் தம்பியாதான் இருப்பான் 😂

நான்: ரீல்ல வேற?

சின்ன மாமா: நரம்பு திரும்புற இடத்துல, நரம்பை ஸ்பூல்ல சுத்திவிடுற வளைகம்பிக்கு ஓரமா ஒரு குட்டி உருளை இருக்கும். கொஞ்சம் நரம்பை அதுல போட்டு இழுத்துப் பாரு, உருளை சுத்தணும். சுத்தலன்னா நரம்பு ஒரே இடத்துல உரசி உரசி பள்ளம் விழும், அப்புறம் வீசுற நரம்பெல்லாம் நைஞ்சு போகும். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாரு, லொடலொடன்னு இருந்தா வேண்டாம். ரீல் மேல அளவு 2500-னு போட்டிருக்கிறதை எடு. குளம், ஆறு, ஏரிக்கு அது போதும்

அத்தான்: கடலுக்குப் போனா?

சின்ன மாமா: அங்கதான் உங்க பக்கம் நியாயம் இருக்கு மாப்பிள்ளை. உப்புத்தண்ணி மலிவு ரீலைத் தின்னுடும். வந்த உடனே டிராக்கை இறுக்கிட்டு நல்ல தண்ணியில மெதுவா அலசி, காய வச்சு, அப்புறம் டிராக்கைத் தளர்த்தி வச்சா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குழாயை வேகமாத் திறந்து பீய்ச்சி அடிச்சா உப்பு உள்ள போய் உக்காந்துக்கும். பாறை மீன் மாதிரி வேகமா ஓடுற மீனைக் குறி வச்சுப் போறவன் கூடக் கொஞ்சம் போட்டுத்தான் ஆகணும். பெய்ட்காஸ்டிங் ரீலும் அப்படித்தான், அதுல வீசும்போது ஸ்பூலே சுத்தும். பிரேக்கு மட்டமா இருந்தா ஒவ்வொரு வீச்சுக்கும் சிக்கு எடுத்துக்கிட்டே இருக்கணும். புதுசா கத்துக்கிறவன் மலிவுல அதைத் தொடவே கூடாது

நான்: மிச்சமாகுற காசை என்ன பண்ணட்டும்?

சின்ன மாமா: நரம்பும் முள்ளும். இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. மீனுக்கும் உனக்கும் நடுவுல இருக்கிறது அது ரெண்டும்தான். முள்ளு நகத்துல வச்சா வழுக்காம மாட்டணும். செட்டோட வர்ற நரம்பு எத்தனை நாளா கடையில வெயில் பட்டுக் கிடந்துச்சோ, யாருக்குத் தெரியும்

அத்தான்: பின்னல் நரம்பு போடு தம்பி. தூரம் போகும்

சின்ன மாமா: போடலாம். ஆனா அடியில முதல்ல கொஞ்சம் சாதா நைலான் சுத்தணும். இல்லன்னா பின்னல் நரம்பு வழுவழு ஸ்பூல்ல பிடிக்காம மொத்தமா வழுக்கிச் சுத்தும். பாதிப் பேர் அதைப் பாத்துட்டு ‘டிராக் போச்சு, மலிவு ரீல்’னு தூக்கிப் போட்டுடுவாங்க. ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழ வரைக்கும் நிரப்பு. வழிய வழிய நிரப்பினா சிக்கு, ரொம்பக் குறைச்சா தூரம் போகாது

திங்கட்கிழமை

நான்: [படம்] [படம்]

நான்: தனித்தனியாத்தான் வாங்கினேன் மாமா. பஞ்சு டெஸ்ட்ல முதல் கம்பு ஃபெயில், ரெண்டாவது எடுத்தேன். ரீல் 4 பேரிங்தான் 😁

சின்ன மாமா: நல்லா இருக்கு. நரம்பு சுத்தியாச்சா? ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி ரொப்பு. ரீலைக் கையில பிடிச்சுக்கிட்டு, நரம்பு நுனியில பாட்டிலைக் கட்டித் தொங்க விடு. முதல்ல டிராக்கை நல்லா இறுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா தளர்த்து. பாட்டில் தானா இறங்க ஆரம்பிக்கிற இடம்தான் உன்னோட ஒரு கிலோ. வீடியோ எடுத்து அனுப்பு

நான்: [வீடியோ 0:31]

அக்கா: அம்மா, ஹால் பூரா தண்ணி

அம்மா: பாத்துட்டுத்தான் இருக்கேன்

சின்ன மாமா: பத்தாவது நொடியில ஒரு வெட்டு வெட்டுது, பாத்தியா? பாட்டில் நின்னு அப்புறம் பொத்துன்னு இறங்குது. டிராக்குக்குள்ள இருக்கிற வாஷர் காய்ஞ்சு கிடக்கு. மேல இருக்கிற திருகைக் கழட்டி, ஸ்பூலுக்குள்ள இருக்கிற வட்டத்தகடுகளை எடு. டிராக்குக்குன்னே தனி கிரீஸ் இருக்கு, அதை விரலால மெல்லிசா தடவு. அப்பித் தொலைக்காதே

நான்: ஃபெல்ட் மாதிரி இருக்கு மாமா. சாம்பல் கலர்

சின்ன மாமா: அதான் ஃபெல்ட் வாஷர். கூடுதல் விலை ரீல்ல கார்பன் துணி போடுவான், அதான் வித்தியாசம். ஃபெல்ட்டும் வேலை செய்யும். வீட்டுல வைக்கும்போது டிராக்கைத் தளர்த்தி வை, இல்லன்னா அமுங்கியே கிடக்கும்

நான்: [வீடியோ 0:24]

நான்: இப்ப?

சின்ன மாமா: வழவழன்னு இறங்குது. இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்

அத்தான்: மாமா, சத்தியமா கேக்குறேன், என் ரீல்ல இது மாதிரி வெட்டு வருதான்னு நான் பாத்ததே இல்ல. இப்ப பாட்டில் கட்டினேன். வெட்டுது

அக்கா: எங்க வீட்டு ஹாலும் போச்சு

சின்ன மாமா: மாப்பிள்ளை, கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தகடா வரிசையா போட்டோ எடுத்துக்குங்க. மேல ஒரு கம்பி வளையம் தகடுகளைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், எடுக்கும்போது கையால மூடிக்கிட்டு எடுங்க. துள்ளி ஓடிடும்

அத்தான்: ஓடிடுச்சு மாமா