நியூட்ரல் மில்க் ஹோட்டல்: கிட்டார் ஒலி ஏன் இவ்வளவு கரகரக்கிறது?

கேள்வி

வணக்கம். நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற அமெரிக்க இண்டி ஃபோக் குழு 1998-இல் வெளியிட்ட 'இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ' ஆல்பத்தை ஒரு வாரமாகக் கேட்டு வருகிறேன். அக்குஸ்டிக் கிட்டாரும் குரலும் மட்டுமே ஒலிக்கும் இடங்களில்கூட, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று ஐயுறும் அளவுக்குக் கரகரப்பு இருக்கிறது. இது பதிவின் குறையா, வேண்டுமென்றே செய்ததா? தலைப்புப் பாடலில், யாரோ தொலைவில் வாய்திறவாமல் பாடுவது போன்ற ஓசை எந்தக் கருவியிலிருந்து வருகிறது?

பதில் 1

வேண்டுமென்றே செய்ததுதான். 1997-இல் டென்வரில், தயாரிப்பாளர் ராபர்ட் ஷ்னைடரின் ஸ்டுடியோவில் பதிவான ஆல்பம் இது. குழுவின் பாடகர் ஜெஃப் மாங்கமின் கிட்டாருக்கு மிக அருகில் மைக்கை வைத்து, ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய மின்குறிப்பைப் பெருக்கும் கருவி) தாங்கும் எல்லைக்கு மேல் ஒலியை ஏற்றினார்கள். ஒலி அலையின் முகடுகள் நசுங்கியதால், மரக்கிட்டாருக்கு அந்த முரட்டுத்தனம் வந்தது.

நீங்கள் கேட்ட ஓசை ரம்பத்தினுடையது. வாசித்தவர் ஜூலியன் கோஸ்டர். மரம் அறுக்கும் அதே ரம்பத்தின் கைப்பிடியை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, நுனியைக் கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, பல்லில்லாத விளிம்பில் வயலின் வில் போன்ற வில்லை இழுக்க வேண்டும். வளைவு மாற மாறச் சுரம் வழுக்கியபடியே ஏறி இறங்கும். அதனால்தான் அது மனிதக் குரலைப் போலவே நம்மை உலுக்குகிறது.

பதில் 2

மேலே நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1996-இல் வந்த முதல் ஆல்பம் பெரும்பாலும் மாங்கமும் ஷ்னைடரும் இருவராக உருவாக்கியது. கோஸ்டர், ஊதுகருவிகள் வாசித்த ஸ்காட் ஸ்பில்லேன், டிரம்ஸ் வாசித்த ஜெரமி பார்ன்ஸ் ஆகியோர் மாங்கமுடன் முழுக்குழுவாக இணைந்து வெளியிட்ட ஆல்பம் இந்த ஒன்றே. அதை ஒட்டிய சுற்றுப்பயணத்துக்குப் பின் குழு ஓய்ந்தது. 2013 முதல் 2015 வரை மீண்டும் மேடையேறினார்கள். புதிய ஆல்பம் வரவில்லை.

'ஓ கம்லி' என்ற எட்டு நிமிடப் பாடலை இறுதிவரை கேளுங்கள். ஒலியளவைச் சரிபார்க்கப் பாடத் தொடங்கிய மாங்கம் நிறுத்தாமல் முழுவதையும் பாடி முடித்துவிட்டார். அந்த ஒரே டேக்தான் ஆல்பத்தில் உள்ளது. முடிவில், வியப்பைத் தாங்காமல் ஸ்பில்லேன் கத்துவதும் மெலிதாகக் கேட்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஹெட்ஃபோனில் கேட்டேன், அந்தக் கத்தல் தெளிவாகவே கேட்கிறது. நேற்றுவரை அதையும் பதிவின் இரைச்சல் என்றே எண்ணியிருந்தேன்.