"நவம்பர்ல யார் ஜெயிப்பாங்க?" பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏம்ஸ்வாசி:

2020 பிப்ரவரி 3, டெமாக்ரட் கட்சியின் அயோவா காகஸ். நிறையப் பேர் டிவியில் பார்த்திருப்பீர்கள், அதனால் சுருக்கமாக: நவம்பர் தேர்தலுக்குக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்வதற்கான வாக்கெடுப்புதான் பிரைமரி; அதையே கூடி நின்று செய்தால் காகஸ். ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளர்களும் ஒவ்வொரு மூலையில் நிற்பார்கள்; 15 சதவீதம் பேர் சேராத மூலைக்காரர்கள் இரண்டாம் முறை வேறு ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் பகுதிக்கு ஒரு பள்ளிக்கூட ஜிம். குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு அதுதான் முதல் காகஸ். மகளுக்கு அப்போது 17 வயது. நவம்பருக்குள் 18 ஆகிவிடும் என்பதால் அவளும் கலந்துகொள்ளலாம். உள்ளே போனதும் நேராக சாண்டர்ஸ் மூலைக்குப் போய்விட்டாள். நான் க்ளோபுஷார் பக்கம்.

200 பேர் இருந்தோம். 15 சதவீதம் என்றால் 30 பேர் வேண்டும். எங்கள் மூலையில் 27. மூன்று பேர் குறைந்ததில் எங்கள் மூலை கலைந்தது. உடனே நாலா பக்கமிருந்தும் ஆள் பிடிக்க வந்தார்கள். வாரன் பக்கத்திலிருந்து எங்கள் தெருப் பாட்டி ஒருவர் கையைப் பிடித்து இழுக்காத குறை. எனக்கும் வாரனைப் பிடிக்கும். படிப்புக் கடன், மருத்துவச் செலவு என்று அவர் பேசியதெல்லாம் என் வீட்டுக் கதை. ஆனாலும் கையிலிருந்த அட்டையைத் திருப்பி, இரண்டாம் பக்கத்தில் பைடன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் ட்ரம்ப்பைத் தோற்கடிக்க அவரால்தான் முடியும் என்பது என் கணக்கு.

காரில் ஏறியதும் மகள் கேட்டாள். "உங்களுக்கு யாரைப் பிடிச்சிருக்குப்பா?"

"பைடன் ஜெயிப்பாரும்மா."

"நான் அதைக் கேக்கலையே."

வீடு வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. அன்றிரவு முடிவும் வரவில்லை. நவம்பரில் பைடன் தேர்வாளர் குழுவில் 306 வாக்கு வாங்கி ஜெயித்தார், அந்த மூன்று மாநிலங்களும் அவருக்குத்தான். கணக்கு சரியாகத்தான் வந்தது. இருந்தும் அவள் கேட்டது இன்னும் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கரிசல்காடு:

சார், உங்க கணக்கு சரியா வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? அயோவால பைடன் நாலாவது இடம். புட்டிஜெஜ் 26.2 சதவீதம், சாண்டர்ஸ் 26.1, அங்க சண்டையே அவங்க ரெண்டு பேருக்கும்தான். அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷயர்ல பைடன் அஞ்சாவது. அவரைத் தூக்கி நிறுத்தினது பிப்ரவரி 29ல தெற்கு கரோலினா, அதுலயும் அங்க இருக்கற கறுப்பின வாக்காளர்கள். நவம்பர்ல உங்க அயோவாவே 8 புள்ளி வித்தியாசத்துல ட்ரம்ப்புக்குப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போடுவார்னே தெரியாம, மூணு மாநிலத்துக்காரங்க மனசைப் படிச்சேன்னு சொல்றீங்க.

என் கதை 2016. நானும் அப்ப அயோவாதான். ஹிலரி 49.8 சதவீதம், சாண்டர்ஸ் 49.6. எங்க இடத்துல ஒரு டெலிகேட்டை, அதாவது கட்சி மாநாட்டுக்குப் போற பிரதிநிதியை, யாருக்குக் கொடுக்கறதுன்னு சமமா நின்னுபோச்சு. பூவா தலையா போட்டாங்க. நடத்தினவர் பாக்கெட்ல சில்லறை இல்ல, நான்தான் குவார்ட்டர் எடுத்துக் கொடுத்தேன். நான் சாண்டர்ஸ் ஆள். காசு தரையில விழுந்து உருண்டு ஒருத்தர் ஷூ ஓரமா சாய்ஞ்சுது. ஹிலரிக்கு விழுந்துச்சு. காசைத் திருப்பிக் கொடுத்தாங்க, வாங்கிக்கத் தோணல.

அதுக்கப்புறம் வந்த கருத்துக்கணிப்புகள்ல ட்ரம்ப்புக்கு எதிரா ஹிலரியைவிட சாண்டர்ஸ்தான் கூடுதலா முன்னால இருந்தார். கடைசியில நீங்க சொன்ன அதே மூணு மாநிலத்துலயும் சேர்த்து சுமார் 78,000 ஓட்டுல ஹிலரி தோத்தாங்க. சாண்டர்ஸ் நின்னிருந்தா ஜெயிச்சிருப்பார்னு இன்னிக்கும் நம்பறேன்.

எடிசன் அக்கா:

அவர் மேல் எதிர்க்கட்சி விளம்பரம் ஒன்றுகூட முழுசாகப் பாயாத நேரத்துக் கணிப்பு அது தம்பி. அதை வைத்து நம்பாதீர்கள்.

2008 பிரைமரியில் எங்கள் நியூ ஜெர்சியில் ஹிலரிதான் ஜெயித்தார், நானும் அவருக்குத்தான் போட்டேன். ஜூனில் அவர் விலகிய அன்று என் தோழி சமையலறையில் நின்று அழுதாள். ஒபாமாவுக்கு என் ஓட்டு கிடையாது, ரிபப்ளிகன் மெக்கெய்னுக்குப் போடுவேன் என்றாள். அக்டோபரில் அவளே என் வீட்டுக் கதவைத் தட்டினாள், கையில் ஒபாமா நோட்டீஸ். முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் மாறினாய் என்று கேட்டிருக்கலாம்.

பிட்ஸ்பர்க் அப்பா:

நான் ரிபப்ளிகன். 2022 பென்சில்வேனியா செனட் பிரைமரியில் டிவி டாக்டர் ஆஸுக்குப் போட்டேன். மனசுக்குப் பிடித்தவர் மெக்கார்மிக். ஆனால் ஆஸை டிவியில் பார்க்காத வீடே இல்லை, ட்ரம்ப் ஆதரவும் இருக்கிறது, நவம்பரில் அவர்தான் தாங்குவார் என்று நினைத்தேன். 13 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்ததில் வித்தியாசம் 951. மறு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோதே மெக்கார்மிக் தோல்வியை ஒப்புக்கொண்டார். நவம்பரில் ஆஸ் சுமார் 5 புள்ளியில் டெமாக்ரட் ஃபெட்டர்மனிடம் தோற்றார். அதே மெக்கார்மிக் 2024ல் நின்று டெமாக்ரட் செனட்டர் கேசியைத் தோற்கடித்தார்.

என் மனசில் நிற்பது வேறு. என் மனைவிக்கு எந்தக் கட்சியும் இல்லை, அப்படியே பதிந்திருந்தாள். புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள், முதல் ஓட்டு. மேஜையிலிருந்த அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, கட்சியில் பதிந்தவர்கள்தான் போட முடியும் என்று மெதுவாகச் சொன்னார். அவள் மெக்கார்மிக்குக்குப் போடத்தான் வந்திருந்தாள். நான் உள்ளே போய் ஆஸுக்குப் போட்டுவிட்டு வந்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டாள். மெக்கார்மிக் என்று சொல்லிவிட்டேன்.

சான் அன்டோனியோ நர்ஸ்:

அண்ணா, அண்ணியிடம் இப்போதாவது சொல்லிவிடுங்கள்.

என்னுடையது சின்னக் கதை. 2022 மே 24, டெக்சஸ் 28வது தொகுதி, டெமாக்ரட் பிரைமரியின் இரண்டாம் சுற்று, அதாவது ரன்-ஆஃப்: கருக்கலைப்பு உரிமையை எதிர்க்கும் குவெயர், ஆதரிக்கும் சிஸ்னெரோஸ். உச்ச நீதிமன்றத்தின் கருக்கலைப்புத் தீர்ப்பு வரைவு கசிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சிஸ்னெரோஸ் வந்தால் எல்லைப்புறத் தொகுதி கைவிட்டுப் போய்விடும் என்று எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் எல்லாரும் பேசினார்கள், கேட்டுக் கேட்டு எனக்கும் சலித்துவிட்டது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தேன். "வர்றியா?" என்றார் கணவர். "நீங்க போயிட்டு வாங்க" என்றேன். சிஸ்னெரோஸ் 289 ஓட்டில் தோற்றார்.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். முதலில் உங்கள் வாக்காளர் பதிவை நீங்களே சரிபாருங்கள், வீட்டில் மற்றவர் பார்த்திருப்பார் என்று விடாதீர்கள். பென்சில்வேனியாவில் கட்சி மாற்றிக்கொள்ள தேர்தலுக்கு 15 நாள் முன்பு வரைதான் நேரம். நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சாராதவர்கள் அன்றைக்கே ஏதாவது ஒரு கட்சியின் சீட்டை வாங்கிப் போட்டுவிட்டு, வெளியே வரும்போது பழையபடி கட்சி சாராதவராகிவிடலாம். நியூ ஜெர்சியில் கட்சி சாராதவர்கள் சாவடியிலேயே கட்சி சொல்லலாம், ஆனால் ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதென்றால் 55 நாள் முன்பே செய்ய வேண்டும். எங்கள் டெக்சஸில் கட்சிப் பதிவே கிடையாது. ஆனால் மார்ச்சில் ஒரு கட்சி பிரைமரியில் போட்டவர் மே ரன்-ஆஃபில் இன்னொரு கட்சிக்குப் போட முடியாது. மார்ச்சில் போகாதவர்கள் மேயில் போகலாம், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. நைட் ஷிஃப்ட்காரர்கள் முன்கூட்டிய வாக்குப்பதிவு நாட்களிலேயே போட்டுவிடுங்கள். அந்த வாரம் எனக்கு இரண்டு நாள் ஓய்வு இருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஏம்ஸ்வாசி:

கரிசல்காடு, நாலாவது இடம் என்பது தெரியும். தெற்கு கரோலினாவில் போட்டவர்களும் பைடன் ஜெயிப்பார் என்றுதான் போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை வருஷக்கணக்காகத் தெரியும், பிடிக்கும் என்று போட்டவர்களும் அதில் நிறைய இருந்திருப்பார்கள். நான் அப்படிப் போடவில்லை.

மகள் இப்போது மிச்சிகனில். 2024 பிப்ரவரி பிரைமரியன்று போனில் கூப்பிட்டாள். காஸா விஷயத்தில் பைடனுக்கு எதிர்ப்பாக 'யாருக்கும் இல்லை' என்ற கட்டத்தை நிரப்பப் போகிறேன் என்றாள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று அப்படித்தான் போட்டார்கள். எனக்கு வாயில் முதலில் வந்தது, "சரிம்மா, ஆனா நவம்பர்ல..."

"அப்பா, லைன்ல நிக்கறேன். அப்புறம் பேசறேன்."